கல்விக் கடனும் ஊதியக் கணக்கும்

கல்வியின் பயனைப் பொருளால் அளத்தல் தமிழ் மரபுக்கு ஒவ்வாது என்பார் உளர். அக்கூற்று ஆராயத்தக்கது. பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்று 183ஆம் பாட்டு, பொருள் கொடுத்தேனும் கற்க வேண்டும் என்கிறது. அடுத்து, கற்றவன் தாயிடத்தும் அரசனிடத்தும் பெறும் மதிப்பினைக் காரணமாகக் காட்டுகிறது. செலவும் பயனும் அங்கே சேர்த்தே எண்ணப்பட்டுள்ளன. எனினும் அது கைப்பொருளைக் கொடுத்துக் கற்பது. இனி ஈட்டப்போகும் பொருளை நம்பிக் கடன்பட்டுக் கற்பதன்று. இவ்வேறுபாட்டையே ஈண்டு ஆராய்வாம்.

மேனாட்டில் இக்கணக்கைத் தெளிவுறுத்தியவருள் ஆடம் சுமித் குறிப்பிடத்தக்கவர். 1776இல் வெளிவந்த தம் நூலில், பெருஞ்செலவிற் கற்றவனை விலையுயர்ந்த எந்திரத்திற்கு அவர் ஒப்பிட்டார். இட்ட முதலும் அதற்குரிய ஊதியமும் அவன் வாழ்நாளுள் மீள வேண்டும் என்பது அவர் கருத்து. செருப்புத் தைக்கக் கற்பவன் அத்தொழிலைக் கற்றுவிடுவான். சட்டம் பயில்வோருள்ளோ இருபதின்மரில் ஒருவரே அதனால் வாழ்வார் என்றும் கூறினார். எனவே, வென்றவரின் வருவாயை மட்டும் நோக்குதல் கணக்காகாது.

இந்திய அரசு 1963இல் தொடங்கிய தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் வட்டியற்றது. ஆசிரியப் பணி ஏற்றோர்க்கு ஆண்டுதோறும் கடனிற் பத்தில் ஒரு பங்கு நீக்கப்பட்டது. குறைந்த ஊதியத்தால் வரும் இடரை அரசும் ஓரளவு தாங்கிற்று. அத்திட்டம் பின்னர் மறைந்தது. 2001இல் வகுக்கப்பட்ட வங்கிக் கல்விக் கடன் திட்டத்திலோ வட்டி உண்டு. நான்கு இலட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டுவதில்லை. ஆயினும் இடர் பெரிதும் மாணவன் குடும்பத்தையே சாரும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஆண்டுத் தொடக்கந்தோறும் ஓர் இலட்சமாக நான்காண்டு, நூற்றுக்குப் பத்துத் தனிவட்டியிற் கடன் பெற்றவன், வட்டி மானியம் பெறாதவனாயின், படிப்பு முடிந்து ஓராண்டு கழியும்போது 5,40,000 ரூபாய்க்குக் கடனாளி. அதே வட்டியிற் பத்தாண்டில் தீர்ப்பதாயின், திங்கள்தோறும் ஏறத்தாழ 7,100 ரூபாய் செலுத்த வேண்டும். படிப்பை இடையில் விட்டவனுக்கும் வாங்கிய கடன் நீங்காது. கற்ற நான்காண்டில் ஈட்டாது இழந்த கூலியோ இக்கணக்கிற் சேரவில்லை.

ஆதலின், அத்துறையிற் பட்டம் பெற்றோருள் நடுத்தரமானவர் முதலிற் பெறும் ஊதியம் யாது, உணவும் உறையுளும் போக அதில் எஞ்சுவது யாது என்பவற்றைக் கையொப்பமிடும் முன்னரே உசாவுதல் வேண்டும். இது கல்வியை இழித்தல் ஆகாது. கல்வியின் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. ஐயுற்று ஆராயத்தக்கது கடனே என்பது எம் துணிபு.