வழி தேர்வதும் வழி வாய்ப்பதும்: கல்வராயன் மலையடிவாரத்து மாந்திரீக மரபுகள் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மாந்திரீக மரபுகளுள் எதைப் பின்பற்றுவது என்ற கேள்வி இன்று இளைஞர்களிடம் புதிதாக எழுந்திருக்கிறது. விக்கா என்னும் ஆங்கில நாட்டு நெறியைப் பற்றிப் படித்தவர்கள், அதன் கிளைகளில் எது தமக்குப் பொருந்தும் என்று தேடுகிறார்கள். கொல்லிமலைச் சித்தர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மலையேறுகிறார்கள். 'மலையாள மாந்திரீகம்' என்ற பலகையைப் பார்த்து உள்ளே நுழைகிறவர்களும் உண்டு. வழிகள் பல, நாம் அவற்றுள் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இவர்கள் எல்லோருக்கும் பொது.

அந்த எண்ணத்தையே இக்கட்டுரை ஆராய்கிறது. களம் கள்ளக்குறிச்சியும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையும். 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதி, பழைய தென்னாற்காடு நிலம். மலைத் தெய்வம், சமவெளி அம்மன், அந்தோணியார் திருத்தலம், கூத்தாண்டவர் கோயில் எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. ஒரு மரபுக்குள் ஆள் எப்படி நுழைகிறார் என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

2. சொற்கள்

முதலில் சொல்லைத் தெளிவாக்க வேண்டும். குழப்பத்தில் பாதி சொல்லிலிருந்து வருகிறது.

பில்லி, சூனியம், ஏவல், வைப்பு, செய்வினை என்று நம் ஊரில் அடுக்கிச் சொல்கிறோம். இவற்றில் மூன்றைக் கவனியுங்கள். ஏவல் என்பது ஏவப்பட்டது. வைப்பு என்பது கொண்டுவந்து வைக்கப்பட்டது. செய்வினை என்பது யாரோ செய்த வினை. மூன்றுமே செயலைக் குறிக்கும் சொற்கள். தீமை ஒருவருடைய பிறவியில் இருக்கிறது என்று இவை சொல்லவில்லை; ஒருவர் இன்னொருவரைக் கொண்டு ஒரு காரியத்தைச் செய்தார் என்றே சொல்கின்றன. பிறவியிலேயே ஊறிய தீய ஆற்றல் வேறு, கற்றுச் செய்யும் தீவினை வேறு என்று ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடம் கண்டு, 1937இல் நூலாக எழுதினார் மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட். அந்தப் பிரிவினைப்படி தமிழ் வழக்கு பெரிதும் இரண்டாவது பக்கம் நிற்கிறது.

இதன் விளைவு சிறியதன்று. ஜார்கண்ட், பீகார், அசாம் பகுதிகளில் ஒரு பெண்ணையே 'டாயின்' என்று முத்திரை குத்தி அடித்துக் கொல்லும் கொடுமை நீடிக்கிறது. பீகார் 1999இலும் ஜார்கண்ட் 2001இலும் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது. தமிழ்நாட்டில் சந்தேகம் பெரும்பாலும் பங்காளி மீதும் வரப்புத் தகராறு உள்ள பக்கத்து நிலத்துக்காரர் மீதும் விழுகிறது. மந்திரவாதி காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் கூலிக்காரராகவே கருதப்படுகிறார். இங்கே கொடுமை இல்லை என்று நான் சொல்லவில்லை. கொடுமை வேறு உருவில் இருக்கிறது.

ஆகவே 'விட்ச்' என்ற சொல்லைச் சூனியக்காரி என்று மொழிபெயர்ப்பவர் இரண்டு பிழை செய்கிறார். ஐரோப்பாவில் தம்மை அப்படி அழைத்துக்கொள்ளும் பெண்களின் சமய உரிமைக் குரல் அதில் கேட்காது. தமிழில் அச்சொல்லைச் சுமக்கும் பெண்ணுக்கு நேரும் அவமானமும் அதில் தெரியாது.

இன்னொரு சொல் 'மலையாளி'. கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் வாழும் பழங்குடி மக்களின் பெயர் அது. மலையை ஆள்வோர் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். தமிழ் பேசும் இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. பலகைகளில் உள்ள 'மலையாள மாந்திரீகம்' கேரளத்தின் புகழை விற்பது. இரண்டையும் குழப்பி, மலையாளி மக்கள் என்றாலே மந்திரம் செய்பவர்கள் என்று பேசுவோரைக் கேட்டிருக்கிறேன். அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

3. மலையில் மரபு

காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் தம் தெய்வமான கரிராமனைப் பின்தொடர்ந்து வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது மலையாளி மக்களின் தோற்றக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இக்கதை இருக்கிறது. இது வரலாறா என்று வாதிடுவது வீண். நம் கேள்விக்கு வேண்டியது ஒன்றுதான்: தெய்வத்தின் பின்னே இவர்கள் நடந்து வந்தார்கள். தெய்வத்தை இவர்கள் ஒரு பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. பூசை உரிமை குடும்ப வழியில் வருகிறது; திருவிழா நாளை ஊர் கூடித் தீர்மானிக்கிறது; தவறு நடந்தால் கேட்க ஊர்க்கவுண்டர் இருக்கிறார்.

மலையில் அருள்வாக்கும் மருந்தும் தெய்வமும் சேர்ந்தே இருப்பதற்குப் பழைய சான்று சங்க இலக்கியம். வெறியாடும் வேலனும், கட்டுப் பார்த்துக் குறி சொல்லும் கட்டுவிச்சியும் அங்கே வருகிறார்கள். குன்றில் குறவரோடு ஆடும் வேலனைத் திருமுருகாற்றுப்படை விரித்துக் காட்டுகிறது. காதல்நோயால் மெலிந்த மகளுக்கு முருகன் அணங்கியதாக எண்ணி வெறியாட்டு எடுக்கும் தாயின் மயக்கத்தையும் அகப்பாடல்கள் மறைக்கவில்லை. நோய் ஒன்று, சடங்கு வேறொன்று என்று தோழிக்குத் தெரியும். இந்த விமரிசனம் நம் மரபுக்குள்ளேயே ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்த பகுத்தறிவு மட்டுமே அதைச் சொன்னது என்று நினைப்பவர்கள் அகநானூற்றைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஆனால் மலையைக் கனவாக எழுதிவிடக் கூடாது. மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயனை அரசு முழுமையாக ஏற்றுக்கொண்டது 1976இல்தான். சாலையும் மருத்துவமனையும் தாமதமாகத்தான் மேலேறின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், மலைமக்களின் அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஆஸ்பத்திரி எட்டாத ஊரில் வேப்பிலை அடித்துக்கொள்பவர் எந்த மரபையும் 'தேர்ந்தெடுக்க'வில்லை. அவருக்கு வேறு கதவு திறந்திருக்கவில்லை.

4. சமவெளியில் நுழைவு

மலை இறங்கினால் அம்மன் ஆட்சி. மேல்மலையனூர் அங்காளம்மன் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும் பழைய தென்னாற்காட்டின் தாய் அவள்தான். சிவராத்திரியை ஒட்டி மாசியில் மயானக் கொள்ளை. அமாவாசை தோறும் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டம். பேய், செய்வினை என்று நம்பி வருவோர் அதில் ஏராளம்.

இப்பகுதியில் 1990களின் தொடக்கத்தில் தங்கி ஆய்வு செய்தவர் இசபெல் நபொகோவ். 2000இல் வெளிவந்த அவர் நூல் குறிசொல்வோர், செய்வினை எடுப்போர், பேயோட்டுவோர் ஆகியோரின் சடங்குகளைப் பிரித்து ஆராய்கிறது. சடங்கு எப்போதும் ஆறுதல் தருவதில்லை, ஆளின் தன்மையையே மாற்றும்படி நெருக்குகிறது என்பது அவர் முடிவு. நான் இதைப் பெருமளவு ஏற்கிறேன். 'சாமி வந்தது' என்று நாம் சொல்லும் சொற்றொடரே அதற்குச் சாட்சி. அதில் எழுவாய் சாமி, மனிதருக்கு வினையில்லை. பல குறிகாரர்கள் தம் கதையை நோயில், இழப்பில், குடும்ப உடைவில் தொடங்குகிறார்கள். முதலில் அவர்கள் மறுத்தார்கள், பிறகு பணிந்தார்கள். அழைப்பு, மறுப்பு, பணிவு என்ற இந்த வரிசையில் விருப்பத் தேர்வுக்கு இடம் மிகக் குறைவு.

ஆயினும் விரும்பி நுழையும் வாசலும் இதே மாவட்டத்தில் உண்டு. உளுந்தூர்பேட்டை அருகே கூவாகத்தில், சித்திரைப் பெருவிழாவில், நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கையர் கூத்தாண்டவராகிய அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அவன் களப்பலியானபின் அதை அறுத்து அழுகிறார்கள். பிறந்த ஊரும் சாதியும் இங்கே நுழைவுச்சீட்டு இல்லை. நேர்ந்துகொண்டு தாலி கட்டிக்கொள்ளும் ஆண்களும் இருக்கிறார்கள். சின்னசேலம் அருகே மேல்நாரியப்பனூர் அந்தோணியாரிடம் ஜூன் திருவிழாவுக்கு வருவோரிலும் கிறித்தவரல்லாதார் பலர். ஆனால் இந்த வாசல்களிலும் விலை உண்டு. தாலி கட்டிக்கொண்டவர் அதை அறுத்தே தீர வேண்டும். நேர்ந்தவர் செலுத்தியே தீர வேண்டும். விருப்பத்தால் நுழைந்தாலும் கடனோடுதான் வெளியே வர முடியும்.

5. கடல் கடந்த நெறி

விக்காவின் தந்தை எனப்படும் ஜெரால்டு கார்ட்னருக்கு நம் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 1884இல் பிறந்த அவர் 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். பிறகு போர்னியோ, மலாயா. 1936இல் இங்கிலாந்து திரும்பி, 1939இல் ஒரு மறைக்குழுவில் தீட்சை பெற்றதாகச் சொன்னார். பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டபின், 1954இல் தம் நூலை வெளியிட்டார். கிறித்தவத்துக்கு முந்திய சமயம் அறுபடாமல் வந்தது என்ற அவருடைய கூற்றுக்குச் சான்றில்லை. அது இருபதாம் நூற்றாண்டில் உருவான சமயம் என்று ரொனால்டு ஹட்டன் 1999இல் விரிவாக எழுதினார். விக்காவினர் பலர் இதை நேர்மையாக ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். வயது குறைவு என்பதால் ஒரு சமயம் பொய்யாகிவிடாது.

கிளைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கார்ட்னர் வழியிலும் 1960களில் அலெக்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய வழியிலும் குழுவுக்குள் தீட்சை, மூன்று படிநிலை, கையால் பெயர்த்தெழுதும் சடங்கு ஏடு எல்லாம் உண்டு; நம் குரு–சீடன்–ஓலைச்சுவடி ஒழுங்கை அறிந்தவருக்கு இவை அந்நியமாகத் தோன்றா. 1970களில் அமெரிக்காவில் பெண்களுக்கென டயானிக் வழி எழுந்தது. 1988இல் ஸ்காட் கன்னிங்ஹாம் எழுதிய கையேடு, குருவும் குழுவும் இல்லாமல் தனியே செய்யலாம் என்று வழிகாட்டியது. இந்தியாவில் கொல்கத்தாவின் இப்சிதா ராய் சக்கரவர்த்தி தம்மை வெளிப்படையாக விக்கா நெறியினர் என அறிவித்து, சூனியக்காரி என்று தூற்றப்படும் ஏழைப் பெண்களுக்காகப் பேசினார்.

தனி வழிதான் இன்று நம் இளைஞரிடம் அதிகம் வந்து சேர்வது. அதில்தான் எனக்குத் தயக்கம். விக்காவின் எட்டுப் பண்டிகைகள் வட ஐரோப்பாவின் பருவத்தை ஒட்டியவை. அக்டோபர் இறுதியில் அங்கே பயிர் ஓய்ந்து மண் உறங்கப் போகிறது. கள்ளக்குறிச்சியில் அப்போது வடகிழக்குப் பருவமழை இறங்கி உழவு சூடுபிடிக்கிறது. மே முதல் நாள் அங்கே பூக்களின் கொண்டாட்டம். இங்கே அக்னி நட்சத்திரம் வாசலில் நிற்கிறது. பூமியை வணங்கும் சமயம் என்றால், வணங்குபவர் நிற்கும் பூமியின் காலத்தை அது கேட்க வேண்டும். ஆடிக் கூழும் தை அறுவடையும் தெரிந்த ஒருவர் அந்த நாட்காட்டியை அப்படியே எடுத்து மாட்டுவது பொருந்தாது.

6. அளவுகோல்

எந்த மரபானாலும் நான் முதலில் பார்ப்பது, அதைச் செய்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை. ஊருக்கா, குருவுக்கா, குழுவுக்கா, குலதெய்வத்துக்கா? யாருக்கும் இல்லை என்றால் அங்கே போகாதீர்கள். பத்திரிகையிலும் பலகையிலும் மட்டும் வாழும் மந்திரவாதிக்குக் கேள்வி கேட்கும் ஊர் கிடையாது. தாயத்தாலும் மந்திரத்தாலும் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படியும் பலகைகள் இறங்கவில்லை.

அடுத்து, அது எதைச் செய்ய மறுக்கிறது என்பது. நம் மாந்திரீக நூல்கள் எண்ணும் அட்டகர்மங்களில் வசியமும் இருக்கிறது, மாரணமும் இருக்கிறது. பிறருக்குத் தீங்கு கூடாது என்பதை விக்கா தலையாய விதியாக வைத்திருக்கிறது. அதை நான் அதன் உயர்ந்த அம்சமாகக் கருதுகிறேன். நம் பக்கத்திலும் 'கெட்டதுக்கு நான் செய்யறதில்ல' என்று சொல்லித் திருப்பி அனுப்பும் பூசாரிகள் உண்டு. 'இது சாமி காரியமில்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லத் தெரிந்தவர் அவர்களிலும் மேலானவர்.

இந்தக் கடைசிச் சொல்லின் அருமையை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவைச் சுற்றியிருந்த விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பி ஓட வழியின்றி இறந்தார்கள். அங்கே தொழுகைக்கு வந்தவர்களின் நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை. நம்பிக்கையின் பெயரால் பணம் வாங்கிச் சங்கிலி மாட்டியவர்கள் யாருக்கும் பதில் சொல்லாதிருந்தார்கள். பின்னர் அதே ஏர்வாடியில் துஆ என்னும் வேண்டுதலோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. தொழுகையை விடாமலே சிகிச்சை பெற முடிந்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது.

7. வழி தேடுவோர்க்கு

கல்வராயன் அடிவாரத்தில் பிறந்து விக்காவை நாடும் பெண் ஒருத்தி இதைப் படிக்கக்கூடும். அவளை நான் தடுக்கமாட்டேன். ஆணுக்குச் சமமாகப் பெண் பூசை செய்யும் இடத்தை அவள் தேடுகிறாள் என்றால், அந்தத் தேடல் நியாயமானது. நம் கோயில்கள் பலவற்றில் அந்த இடம் அவளுக்கு இன்னும் இல்லை. ஆனால் ஒரு புத்தகத்தை வாங்கியதும் ஒரு மரபு கையில் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஓர் ஆண்டு பொறுங்கள். உங்கள் ஊர்ச் சாமிக்கு யார் பூசை செய்கிறார், எந்த மாதம் என்ன படைக்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதிவையுங்கள். உங்களைத் தட்டிக்கேட்கும் உரிமையுள்ள ஒருவரை உங்கள் வழிக்குள் வையுங்கள். வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, பேச்சு மாறி, தனியே சிரிக்கத் தொடங்கினால், எந்தக் கோயிலுக்குப் போவதற்கு முன்னும் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள்.