கிளிப்பச்சைக்கு எந்தக் கிளி

எட்டாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். "மலை பச்சைக் கம்பளம் போல் விரிந்து கிடந்தது" என்று தொடங்கி அம்மாவிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். மடியிலிருந்த சுளகிலிருந்து தலையைத் தூக்காமலே அம்மா கேட்டார்: "கம்பளத்த நீ எங்கத்தா பாத்த?"

நான் பார்த்ததே இல்லை. பின்னாளில் தமிழாசிரியையாகிக் கட்டுரை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தபோதெல்லாம் அந்தக் கேள்விதான் சிவப்பு மையில் இறங்கியது.

அம்மா போடிநாயக்கனூரில் ஏலக்காய் பிரித்தவர். கிலோ கணக்கில் கூலி. ஊர் மலையடிவாரத்தில், காய் விளைவது மேலே, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை. 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைக் காய்க்குத் திருவிதாங்கூர் அரசே ஏகபோக உரிமையாளர். விளைந்ததெல்லாம் ஆலப்புழைக் கிடங்குக்குப் போயிற்று. அக்மார்க் தரப்பட்டியலில் 'ஆலப்பி கிரீன்' என்ற பெயர் இன்றும் நிற்கிறது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. ஆனால் காய், போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போடிச் சந்தைக்கு வருவதை நிறுத்தவில்லை. விடியுமுன்னே ஆட்கள் ஜீப்பில் மேலே ஏறுவதும் நிற்கவில்லை.

சந்தைக்கு வந்த காயை ஏலம் விடுவார்கள். ஏலக்காய் ஏலம். முதல் ஏலம் நம்முடைய பழைய சொல்; இரண்டாவது, போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' நம் வாயில் உருமாறியது. பிறப்பால் ஒட்டே இல்லாத இந்த இரண்டும் எங்கள் ஊரில் ஒரே கூடத்தில் சேர்ந்திருந்தன.

அந்தக் கூடத்துக்குக் காய் போவதற்கு முன்பே அதன் விலையில் பாதியைப் பேச்சுதான் தீர்மானித்தது என்பது என் எண்ணம். அம்மாவும் உடனிருந்த அக்காமாரும் காயைத் தட்டித் தட்டிச் சொல்லும் சொற்கள் எல்லாம் உவமைகள். இலைப்பேன் அரித்துச் சொரசொரத்த காய் 'தேரைத்தோலு'. காய் உலர்த்தும் ஸ்டோரில் சூட்டைச் சட்டென்று ஏற்றிவிட்டால் வாய் பிளக்கும் காய் 'கொட்டாவி'. பழுத்த பிறகு பறித்து, காய்ந்து வெளுத்தது 'பழைய வைக்கோலு'. ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோதான் தேறும். அந்த ஒரு கிலோவில் எத்தனை கொட்டாவி என்பதில்தான் தோட்டக்காரரின் லாபமும் நட்டமும் இருந்தன. ஆகவே உவமை தப்பினால் காசு தப்பும்.

நல்ல காய்க்கு எல்லோரும் சொன்ன சொல் கிளிப்பச்சை. இந்தியா முழுக்க ஏலக்காய் வியாபாரத்தில் அதே பேச்சுதான். அம்மா அதோடு விடமாட்டார். "எந்தக் கிளி, முதுகா வயிறான்னு சொல்லு." தென்னையிலும் சோளக்கொல்லையிலும் கத்தித் திரியும் நம் பச்சைக்கிளிக்கு முதுகு அடர்ந்த பச்சை, வயிறு மஞ்சள் ஓடிய பச்சை. முதுகுப் பச்சை வந்தால் சூடு சீராக விழுந்திருக்கிறது, வெளிச்சம் படாமல் கறுப்புத் தாள் போட்ட சாக்கில் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வயிற்றுப் பச்சைக்கு விலை இறங்கும்.

வெகுநாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மேலே, ஏலம் விளையும் சோலையில், இந்தக் கிளி அரிது. அங்கே பறப்பது நீலச்சிறகுக் கிளி. தலையும் மார்பும் சாம்பல், இறக்கை நீலம். மலையில் பிறந்தவர் காயைப் பார்த்துக் கிளிப்பச்சை என்று சொல்லியிருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. அது சமவெளியின் உவமை, வாங்குகிறவன் ஊர்க் கிளி. எந்த ஆவணமும் இல்லாமல், ஒரு காயின் நிறத்துக்குப் பெயர் வைத்தது யார் என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் வைத்திருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்று உவமை பிறக்கும் வழிகள் நான்கு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். கொட்டாவி வினையில் பிறந்தது, கிளி உருவில். வகுப்பில் இதை நடத்தும்போது நூற்பாவைவிட அம்மாவின் சுளகுதான் எனக்குக் கைகொடுத்தது. உவமையாக வரும் பொருள் உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்றும் அந்த இயல் சொல்கிறது. சந்தைக்கு அது பொருந்தாது. அங்கே விற்பவனும் வாங்குபவனும் கண்ணால் கண்ட பொருளாக இருந்தால்தான் பேரம் நடக்கும். பிள்ளைகளிடமும் அதையே கேட்டேன். முத்துப் போன்ற பல் என்று எழுதியவனிடம் முத்தைப் பார்த்திருக்கிறாயா என்றேன். மறுநாள் 'உரித்த வெள்ளைப்பூண்டு போல' என்று எழுதிவந்தான். பத்துக்கு எட்டு போட்டேன்.

உவமைகளுக்கும் ஆயுள் உண்டு. நல்ல காயை அம்மா 'புளியங்கொட்டை கணக்கா' என்பார். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் மலை முழுக்கப் பரவியதும் காய் பருத்துவிட்டது. அம்மா சில நாள் சொல் இல்லாமல் திணறி, கடைசியில் 'கட்டைவிரல் நகம்' என்று நிறுத்தினார். இன்றோ துளைச் சல்லடை போதும். ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்றால் 7 மில்லிமீட்டர், லிட்டருக்கு 435 கிராம். 2007இல் நறுமணப் பொருள் வாரியம் போடியில் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. சாம்பிளைக் கையில் உருட்டிப் பார்ப்பது மட்டும் மிச்சம். விலை திரையில் ஓடுகிறது. கணக்கு நேர்மையானதுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் 435 கிராம் என்ற எண்ணில் ஸ்டோரில் இரவு கண்விழித்து விறகு தள்ளியவர் தெரிவதில்லை. கொட்டாவியில் தெரிந்தார்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகும் ஒரு வருஷம் வேலைக்குப் போனார். நிறம் பார்க்க முடியாது. நாலைந்து காயை உள்ளங்கையில் மூடிக் காதருகே குலுக்குவார். சரியாக உலர்ந்த காய்க்குள் விதை சிணுங்கும். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது நான் பார்க்கக் குலுக்கிவிட்டு, "நம்ம பாப்பா கொலுசு கணக்கா கேக்குது, இத முதல் தரத்துல போடு" என்றார்.

நான்கு வழிகளுக்கு அப்பால், உவமை நிற்கும் இடங்கள் என்று தொல்காப்பியர் சிறப்பு, நலன், காதல், வலிமை என நான்கைச் சொல்கிறார். காதல் எப்படி உவமைக்கு இடமாகும் என்று படிக்கும் காலத்தில் எனக்கு விளங்கியதில்லை. என் மகள் அந்த மாதம்தான் நடக்கத் தொடங்கியிருந்தாள். கொலுசு, அம்மா பிரிகூலியில் வாங்கிப் போட்டது.