தாலாட்டில் வந்த மாமன்

சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில், ஒரு லயத்தில் தங்கிய இரவு அது. உறங்க மறுத்து வீறிட்ட பேரனைச் சேலைத் தொட்டிலில் இட்டு, ஒரே சீராக ஆட்டியபடி பாட்டி பாடினார். மாமன் சீர் கொண்டு வருவான், அழாதே என்பதே பாட்டின் சாரம்.

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்கு வந்த தொழிலாளரோடு வந்தவை இத்தாலாட்டுகள். பகலெல்லாம் தாய் கொழுந்து மலையில்; குழந்தை பிள்ளைக் காம்பராவில். தாயின் குரல் குழந்தைக்கு நிறைவாய்க் கிடைத்தது இரவில்தான்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என ஒதுக்கியது. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேற, தங்கை தோட்டத்திலேயே நின்றுவிட்ட குடும்பங்கள் பல. அதன்பின் மாமன் பாட்டில் மட்டுமே வந்தான்.

ஒப்பந்தங்களை அரசுகள் பத்திரப்படுத்தின. இப்பாடல்களைத் தேடித் தொகுக்க சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்ற ஒருசிலரே இருந்தனர். பாடியோர் மறைய, எஞ்சியவையும் மறைகின்றன.

குழந்தை உறங்கியது. "உங்கள் அண்ணன் எங்கே, அம்மா?" என்று கேட்டேன்.

"நீலகிரியில, கூடலூர்ப் பக்கம். அங்கயும் தேயிலைதான்" என்றார். தொட்டிலை ஆட்டுவதை அவர் நிறுத்தவில்லை.