பாயிண்ட் வரும், சீட் வருமா?

2024 நவம்பர் 11 ராத்திரியோடு விஸ்தாரா என்ற பெயருக்கு மூடுவிழா ஆனது. மறுநாள் காலை அதே விமானங்கள், அதே சிப்பந்திகள், ஆனால் கம்பெனி ஏர் இந்தியா. கடைசி நாள் படங்களை ஃபோனில் பார்த்துப் பையன் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். தங்கமணி கேட்டது ஒரே கேள்விதான்.

"அதெல்லாம் இருக்கட்டும். நம்ம பாயிண்ட்டு என்னாகும்?"

சிரிக்காதீர்கள். டெல்லிப் பக்கம் குப்பை கொட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு அது கோவா டூர் போகிற கணக்கு இல்லை. ஊரில் வயதானவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் சென்னைக்கே கிட்டத்தட்ட 33 மணி நேரம், அதற்கப்புறம் கும்பகோணம் போக வேண்டும். விமானத்தில் மூன்று மணிக்கும் குறைவு. ஆனால் அவசரம் என்று வரும் நாளில் டிக்கெட் விலை என்னவாக இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அந்த நாளுக்காகத்தான் பாயிண்ட் சேர்க்கிறோம். வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அந்த நாள் 2009ல் வந்தது. ராத்திரி பதினொன்றே முக்காலுக்குத் தம்பி ஃபோன் செய்தான். அப்பா போய்விட்டார். என் கணக்கில் டெல்லி-சென்னைக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு பாயிண்ட் இருந்தது. கால் சென்டர் பெண் மிக மரியாதையாகச் சொன்னாள்: "காலை விமானத்தில் பாயிண்ட்டுக்கான சீட் இல்லை சார், பணம் கட்டினால் இருக்கிறது." அதே விமானம், அதே சீட்! எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. எல்லாக் கம்பெனியிலும் இதே கதைதான். கார்டைத் தேய்த்தேன். சென்னையிலிருந்து டாக்சி. நான் போகும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தை நோண்டிப் படிக்க ஆரம்பித்தேன். விமான கம்பெனிகள் ஒன்றோடொன்று சேரும்போது எல்லோரும் பாயிண்ட்டின் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறார்கள். எண்ணிக்கை அநேகமாகப் பத்திரமாக வந்துவிடும். பார்க்க வேண்டியது சீட்டை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1953ல் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் வந்து விமான கம்பெனிகள் தேசியமயமாயின. டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், கலிங்கா, இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் என்று எட்டு கம்பெனிகளின் உள்நாட்டுச் சேவைகளைச் சேர்த்து அந்த வருஷம் ஆகஸ்ட் 1ஆம் தேதி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது. நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய விமான இணைப்பு அதுதான் என்பது என் கட்சி. அதன்பின் நாற்பது வருஷம் பயணிக்கு வேறு வழி கிடையாது. பாயிண்ட்டும் கிடையாது. எதற்குத் தர வேண்டும்? நீங்கள் வேறு எங்கே போய்விடுவீர்கள்?

அமெரிக்காவில் 1978ல் விமானத்துறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம், கட்டணத்தை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. மூன்றே வருஷத்தில், 1981 மே மாதம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 'ஏ அட்வான்டேஜ்' திட்டத்தை ஆரம்பித்தது. மற்றவர்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். இங்கேயும் அதே வரிசைதான். 90களின் ஆரம்பத்தில் ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, ஜெட், மோடிலுஃப்ட், நம்ம சென்னையின் என்.ஈ.பி.சி. எல்லாம் பறக்க ஆரம்பித்தன. 1994ல் பழைய சட்டம் ரத்தானது. அந்த 90களில்தான் ஏர் இந்தியாவுக்கும் இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் பொதுவாக 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' வந்தது. ஆக, பாயிண்ட் என்பது போட்டிக்குப் பிறந்த பிள்ளை. ஒவ்வொரு இணைப்பும் போட்டியில் ஒருவரைக் குறைக்கிறது. மீதியை நீங்களே யூகிக்கலாம்.

2007ஐ மறக்க முடியாது. ஒரே வருஷத்தில் மூன்று கல்யாணம். ஏப்ரலில் ஜெட், சஹாராவை 1450 கோடிக்கு வாங்கி ஜெட்லைட் என்று பெயர் மாற்றியது. முந்தின வருஷம் நிச்சயதார்த்தம் முறிந்து, கோர்ட் வாசல்வரை போய்த் திரும்பி வந்த சம்பந்தம் அது. ஜூனில் கிங்ஃபிஷர், கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கானில் 26 சதவீதம் வாங்கியது. அடுத்த வருஷம் முழுதாகச் சேர்த்துக்கொண்டது. வெளிநாடு பறக்க ஐந்து வருஷ அனுபவம் வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது, டெக்கான் 2003லேயே ஆரம்பித்த கம்பெனி. அந்த அவசரமும் அதில் கலந்திருந்தது. 2008 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்குச் சிவப்பு விமானம் கிளம்பியது. மூன்றாவது, ஆகஸ்டில், ஏர் இந்தியாவும் இந்தியனும்.

இந்த மூன்றாவதில் பாயிண்ட்டுக்கு ஒரு சேதாரமும் இல்லை. ஏற்கெனவே பொதுத் திட்டம்தானே. மேலே போனஸாக, அந்த டிசம்பரிலேயே ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியிலிருந்து அழைப்பு வந்தது. சேர்ந்துவிட்டால் நம் பாயிண்ட்டை வைத்து லுஃப்தான்ஸாவில் போகலாம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போகலாம் என்று மலை மந்திர் வாசலில் நின்று நாங்கள் திட்டம் போட்டோம். நடந்தது என்ன? கம்பெனி ஒன்றானது, ஆட்கள் ஒன்றாகவில்லை. சம்பளம் யாருக்கு எவ்வளவு என்று 2011ல் பழைய இந்தியன் பைலட்டுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ட்ரீம்லைனர் பயிற்சி யாருக்கு என்று 2012ல் பழைய ஏர் இந்தியா பைலட்டுகள் செய்தார்கள். நடுவில் ஸ்டார் அலையன்ஸ் 2011ல் பேச்சையே நிறுத்திவைத்தது. கடைசியில் சேர்ந்தது 2014 ஜூலையில். அழைப்புக்கும் தாலிக்கும் நடுவே ஆறரை வருஷம்.

கிங்ஃபிஷர் கதை இன்னும் சோகம். 2012 அக்டோபரில் பறப்பது நின்றது. கிங் மைல்கள் வெறும் எண்களாகிவிட்டன. சேர்த்துவைத்த பாயிண்ட் என்பது கம்பெனி நமக்குப் பட்ட கடன். கணக்குப் புத்தகத்திலும் அதைக் கடன் பக்கம்தான் எழுதுகிறார்கள். ஆனால் கம்பெனி திவாலானால் பாங்க், ஊழியர், எண்ணெய் கம்பெனி, ஏர்போர்ட் என்று நிற்கும் வரிசையில் நமக்கு வாலில்கூட இடமிருக்காது.

ஜெட் மட்டும் விதிவிலக்கு. 2019 ஏப்ரல் 17 அன்று அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானம் வந்து இறங்கியது. ஆனால் ஜெட் பிரிவிலேஜ் சாகவில்லை. அது 2014லேயே தனிக் கம்பெனியாகி, 50.1 சதவீதம் எதிஹாத் கைக்குப் போயிருந்தது. அந்த வருஷக் கடைசியில் இன்டர்மைல்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு, உறுப்பினர்களின் மைல்களை அப்படியே வைத்துக்கொண்டது. மைல் பிழைத்தது, பறக்க ஜெட் இல்லை! சேர்த்த மைலை மற்ற கம்பெனி டிக்கெட்டிலும் ஹோட்டலிலும் பொருளிலும் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். தங்கமணி அதில் ஒரு மிக்ஸி வாங்கினாள். நல்ல மிக்ஸி.

விமானத்தைவிடப் பாயிண்ட் திட்டம் மதிப்பானது என்பதை நம்பாதவர்களுக்கு ஒரு தகவல். கொரோனா வந்து விமானமெல்லாம் தரையில் நின்ற 2020ல், யுனைடெட் கம்பெனி தன் மைலேஜ் ப்ளஸ் திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. கிரெடிட் கார்டு பாங்குகள் மொத்த விலைக்குப் பாயிண்ட் வாங்குவதில் வருகிற வருமானம் அப்படி. அதனால்தான் இணைப்பின்போது எண்ணிக்கையில் கை வைக்க மாட்டார்கள். வாங்குவதே உங்களைத்தானே. டெல்டா-நார்த்வெஸ்ட், யுனைடெட்-கான்டினென்டல், அமெரிக்கன்-யு.எஸ். ஏர்வேஸ், எல்லாவற்றிலும் ஒன்றுக்கு ஒன்று கொடுத்தார்கள். அலாஸ்கா, வர்ஜின் அமெரிக்காவை வாங்கியபோது ஒன்றுக்கு 1.3 கூடக் கொடுத்தது. கை வைப்பதெல்லாம் பின்னால்தான். 2015ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016ல் அமெரிக்கனும், பறந்த தூரத்துக்கு மைல் என்பதை மாற்றி, கொடுத்த காசுக்கு மைல் என்றாக்கின. எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற பட்டியலையே டெல்டா எடுத்துவிட்டது. மூன்று பெரிய இணைப்பும் முடிந்து, போட்டி சுருங்கிய பிறகு நடந்தது இது. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது விஸ்தாரா. 2015 ஜனவரி 9 அன்று முதல் விமானம். டாடாவுக்கு 51, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 49. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் திரும்பியதும், ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எதற்கு என்ற கேள்வி வந்தது. இணைப்பில் சிங்கப்பூருக்கு 25.1 சதவீதம். கிளப் விஸ்தாரா பாயிண்ட்டுகள் ஒன்றுக்கு ஒன்றாக மாறின, ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் 'மகாராஜா கிளப்' ஆனது. விஸ்தாரா எந்தக் கூட்டணியிலும் இல்லை. அதனால் அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இது லாபம்தான், கோல்டு அட்டைக்கு ஸ்டார் அலையன்ஸ் லவுஞ்சும் கிடைக்கும். குறையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆனால் அந்த 2024 ஏப்ரலிலேயே, இணைப்புக்கு ஏழு மாதம் முன்பு, ஏர் இந்தியாவும் தூரக் கணக்கை விட்டு காசுக் கணக்குக்கு மாறியாகிவிட்டது. 2025 மார்ச்-ஏப்ரலில் விஸ்தாரா கிரெடிட் கார்டுகளில் இவ்வளவு செலவழித்தால் ஒரு இலவச டிக்கெட் என்ற வவுச்சர்கள் நின்றன. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் அந்த வவுச்சரை நம்பித்தான் தீபாவளிக்கு ஊருக்குப் போனார்கள்.

சீட் கதை இதுதான். ஒவ்வொரு விமானத்திலும் பாயிண்ட்டுக்கென்று ஒரு சின்னக் கூடை ஒதுக்குவார்கள். விற்காது என்று தோன்றும் சீட்டுகள்தான் அதில் விழும். கடைசி நாளில், ஆபீஸ்காரர்கள் கூட்டமாகப் போகும் காலை விமானத்தில், கூடை காலி. முன்பு டெல்லி-சென்னைக்கு விஸ்தாரா கூடை, ஏர் இந்தியா கூடை என்று இரண்டு இருந்தது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. இப்போது ஒரே கை, ஒரே கணக்கு. சீட் எவ்வளவு முக்கியம் என்பது சிங்கப்பூர் போட்டி ஆணையத்துக்குத் தெரிந்திருக்கிறது. 2024 மார்ச்சில் அனுமதி கொடுக்கும்போது மும்பை, டெல்லி, சென்னை, திருச்சி ஆகிய ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்குக் கொரோனாவுக்கு முன்பிருந்த அளவு சீட்டுகளை வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. திருச்சிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் டெல்லி-சென்னைக் கூடைக்கு அப்படி நிபந்தனை போட யாரும் இல்லை.

ஒரு ஆறுதல், இண்டிகோ. நாட்டில் பறப்பவர்களில் பாதிக்கு மேல் அதில்தான். ஆனாலும் வருஷக்கணக்காக "பாயிண்ட்டாவது கீயிண்ட்டாவது" என்று இருந்தவர்கள், இதே 2024ல் 'ப்ளூசிப்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். எதிரில் ஒருத்தர் பெரிதானதும் இவர்களுக்கும் பாயிண்ட் வேண்டியிருக்கிறது.

தங்கமணி கேள்விக்கு நான் சொன்ன பதில்: பாயிண்ட் அப்படியே வரும், வைத்துக்கொண்டிருக்காதே. அவசரமில்லாத நாளில்தான் பாயிண்ட் சீட் கிடைக்கும் என்றால், அவசரமில்லாத நாளிலேயே கழித்துவிடுவது. பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமைக்கு அம்மாவுக்கு டிக்கெட் போட்டேன். விமான எண் இரண்டில் ஆரம்பிக்கும் நாலு இலக்கம், அதாவது பழைய விஸ்தாரா விமானம். டெர்மினல் 3 வாசலில் வீல்சேரில் வந்த அம்மா, "சாப்பாடு நன்னா இருந்துதுடா, காப்பிதான் ஆறிப்போச்சு" என்றாள். மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனாள்.

அவசரத்துக்கென்று பாங்கில் தனியாக ஒரு ஆர்.டி. போட்டிருக்கிறோம், மாதம் இரண்டாயிரம். மீதி பாயிண்ட் காலாவதியாகும் தேதியைத் தங்கமணி சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறாள்.