பர்லாங் என்பது ஒரு வயற்காட்டுச் சொல்

பதிவு கொஞ்சம் நீளம். காசு சம்பந்தப்பட்ட விஷயமும் இருப்பதால் கடைசி வரை படியுங்கள்.

கண்டரமாணிக்கத்தில் எங்கள் ஐயா காலத்து ஆட்களிடம் வழி கேட்டால், "கண்மாய்க்கரையிலிருந்து ரெண்டு பர்லாங்" என்பார்கள். மைல் கல்லுக்கு நடுவே பர்லாங் கல்லும் உண்டு. ரோடு போட வந்த வெள்ளைக்காரன் கொண்டுவந்த சொல் என்றே பலரும் நினைத்திருப்போம். ஆனால் அது உழவர்களின் சொல். பழைய ஆங்கிலத்தில் 'ஃபர்' என்றால் உழவு சால், 'லாங்' என்றால் நீளம். ஒரு சாலின் நீளமே பர்லாங்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கனத்த கலப்பையில் எட்டு மாடுகள் வரை பூட்டுவார்கள். அத்தனை மாட்டையும் திருப்புவது பெரும்பாடு. அதனால் மாடு இளைப்பாறாமல் எவ்வளவு தூரம் இழுக்குமோ அவ்வளவு தூரம் நேராக உழுதுவிட்டுத்தான் திருப்புவார்கள். அந்தத் தூரம் 220 கஜம், அதாவது 660 அடி. ஒரு நாளில் அப்படி உழுது முடிக்கும் நிலம் 660 அடி நீளம், 66 அடி அகலம். அதுதான் ஏக்கர்! 'ஏக்கர்' என்ற சொல்லுக்கு முதலில் வயல் என்றுதான் பொருள். வடமொழியில் வயலைக் குறிக்கும் 'அஜ்ர' என்ற சொல்லும் அதே வேரில் வந்தது.

1593-ல் எலிசபெத் ராணி காலத்தில் மைலின் நீளத்தைச் சட்டமாக்கினார்கள். ரோமானியர் மைல் 5,000 அடி. எட்டு பர்லாங் சேர்ந்தால் 5,280 அடி. இரண்டும் ஒத்துவரவில்லை. பர்லாங்கைச் சுருக்கினால் நாட்டிலுள்ள நிலக் கணக்கெல்லாம் குழம்பிப்போகும். ஆகவே பர்லாங்கைத் தொடாமல் மைலை நீட்டினார்கள்.

1620 வாக்கில் எட்மண்ட் குண்டர் என்ற கணித அறிஞர் 66 அடி நீளத்தில் 100 கண்ணிகள் கொண்ட சங்கிலியை அமைத்தார். நீங்கள் விளையாடும் கிரிக்கெட் பிட்சின் 22 கஜமும் இதே நீளம்தான். பத்துச் சங்கிலி ஒரு பர்லாங். நாலு பக்கமும் ஒரு சங்கிலி என்றால் 4,356 சதுர அடி, அதாவது 10 சென்ட். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம்மூர் சர்வேயர் சங்கிலியை இழுத்துக்கொண்டு வயலில் இறங்கியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நம்மிடமும் இப்படி அளவுகள் இருந்தன. இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று விதையை வைத்தே நிலத்தைச் சொன்னார்கள். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அங்கே ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். ஆனால் குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். பழைய பத்திரத்தில் குழி என்று கண்டால் எந்த ஊர்க் குழி என்று முதலில் கேளுங்கள்.

1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது. பர்லாங் கல்லும் கஜமும் போயின. இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத் தூரத்தை இன்றும் பர்லாங்கில்தான் சொல்கிறார்கள். நம் ஊரிலோ ஏக்கரும் சென்டும் பேச்சில் இருக்க, பட்டாவில் மட்டும் ஹெக்டேர், ஏர்ஸ் வந்துவிட்டது.

இங்கேதான் சிக்கல். நம் உறவில் ஒரு தம்பி, வெளியூரில் வேலை பார்ப்பவர், பூர்வீக நிலத்தை விற்க வந்தார். பட்டாவில் 0 - 40.50 என்று இருந்தது. அதை 40 சென்ட் என்று எடுத்துக்கொண்டு விலை பேசிவிட்டார். அட்வான்ஸ் வாங்கப் போகும் நேரத்தில் அவருடைய ஆத்தா பெட்டகத்திலிருந்து பழைய பத்திரத்தை எடுத்து வந்து, "இதையும் ஒரு தடவை வாசிச்சுப் பாருப்பா" என்றார். அதில் ஏக்கர் 1 என்று தெளிவாக எழுதியிருந்தது. பட்டாவில் இருந்தது 40.50 ஏர்ஸ். ஒரு ஏர்ஸ் 2.47 சென்ட், பெருக்கினால் 100 சென்ட். அந்த ஆத்தா எடுத்துக் கொடுத்திராவிட்டால் 60 சென்ட் சும்மா போயிருக்கும்.

ஆகவே பிள்ளைகளே, மூன்று கணக்கை மனதில் வையுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர்ஸ் 2.47 சென்ட். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர்.

வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய பத்திரங்களைக் கழித்துவிடாதீர்கள். புரியாத சொல் இருந்தால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து வாசிப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்