மூன்று ஹெட் டெக்

எங்கள் வீட்டுக் கேசட் டெக்கின் பின்பக்கம் வோல்டேஜை மாற்றும் சின்னத் திருகு ஒன்று உண்டு. ஜப்பானுக்குள் விற்கச் செய்ததாக இருந்தால் 100 வோல்ட்தான் தாங்கும். நம் 230-இல் நேராகச் செருகினால் கருகிவிடும். இன்று அங்கிருந்து பழைய டெக் தருவிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எங்களுடையது சிங்கப்பூர்க் கடைக்குப் போன பெட்டி. நகமிச்சி பிஎக்ஸ்-300, எண்பதுகளில் வந்த மாடல்.

சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம், பொன்னேரியில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த அண்ணன் அதை வாங்கினார். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 60 அல்லது 90 நிமிட கேசட்டில் பதிந்து தருவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் பட்டியலை நீட்டிவிட்டுப் போவார்கள்.

சாதாரண டெக்கில் பதிவதும் பாடுவதும் ஒரே ஹெட். இதில் அழிக்க, பதிய, பாட என்று தனித்தனியாக மூன்று. பதியும்போதே பதிந்ததைக் கேட்கலாம். அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெக்கார்டில் ஓடும் பாட்டையும் டேப்பில் விழுந்ததையும் மாற்றி மாற்றிக் கேட்பார். துளி வித்தியாசம் தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து பதிவார். அந்தப் பொறுமைக்கு அவர் தனிக் காசு வாங்கியதில்லை.

பிறகு சிடி வந்தது. டெக் பரணுக்குப் போனது. பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்றில் பல வருஷம் கிடந்ததை நான் கேட்டபோது, "ஓடுச்சுன்னா காசு குடு தம்பி" என்றார்.

விளக்கு எரிந்தது, கேசட் சுற்றவில்லை. மோட்டாரின் சுழற்சியைக் கேசட்டின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் வளையம் கெட்டிப்பட்டு வழுக்கியது. ரிச்சி தெருவில் அளவு பார்த்து வாங்கியதில் நான்காவது வளையம்தான் பொருந்தியது. ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன், காய்ந்த கிரீஸைச் சுரண்டி எடுத்தேன். பாட்டு வந்தது. காசும் கொடுத்தேன்.

ஆனால் நான் கேட்க நினைத்தது பாட்டை இல்லை. அபுதாபியிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட்டைப் போட்டால், குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியிருந்தது. கேசட் டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஓடுவது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். பாடும் ஹெட்டின் இடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அந்த இடுக்கு, பதிந்த ஹெட் நின்ற அதே கோணத்தில் நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் கூர்மையான ஓசைகள்தான் முதலில் போகும். அப்பா பேசிப் பதிந்த டூ-இன்-ஒன்னில் ஹெட் கோணல். நகமிச்சியில் நேர். 1982-இல் வந்த டிராகன் என்ற மாடலில், ஓடும் டேப்புக்கு ஏற்ப ஹெட்டை மோட்டாரே சாய்த்துக்கொள்ளும். அதன் விலை எனக்கு எட்டாது.

கோணத் திருகைத் தொடாதே என்பார்கள். பாடும் ஹெட்டை அசைத்தால், பதியும் ஹெட்டோடு அதற்குள்ள இசைவு கெடும். நான் நகப்பூச்சால் பழைய இடத்தைக் குறித்துவிட்டு, காதை வைத்துக்கொண்டு மெல்லத் திருகினேன். கால் சுற்றுகூட இல்லை. "சாப்பிட்டியா" என்பதில் 'ச' திரும்பி வந்தது. பின்னால் ஓடிய ஏசியின் இரைச்சலும் வந்தது. அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, திருகைக் குறிக்கே கொண்டுவந்து நிறுத்தினேன்.

கூரை மாற்றியாச்சா, ஆரணியாற்றில் தண்ணி வந்ததா என்று விசாரித்துக்கொண்டே போகிறவர் நடுவில் நிறுத்திச் சொல்கிறார்: "இந்தப் பக்கம் முடியப் போவுது. திருப்பிப் போடுங்க."