கல்லிடைக்குறிச்சி நடராஜரும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும்

இளைஞர்கள் பழைய ஃபிலிம் கேமராக்களைத் தேடி வாங்குவதைப் பழசின் மேலுள்ள ஏக்கம் என்று தள்ளிவிடுகிறோம். தாமிரபரணிக் கரையில் நடந்த ஒன்று, அதில் அதைவிடப் பெரிய நியாயம் இருப்பதைக் காட்டுகிறது. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982இல் திருடு போனார். துப்புத் துலங்காமல் வழக்கு மூடப்பட்டது. 2001இல் அடிலெய்டிலுள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் அவரை விலைக்கு வாங்கியது. 2019 செப்டம்பரில் அவர் தமிழகம் திரும்பினார். அதற்கு முக்கிய ஆதாரமாக நின்றது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1958இல் அவரை எடுத்து வைத்திருந்த படம்.

மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி வார்ப்பது செப்புத் திருமேனி. சிலையை வெளியே எடுக்க அந்த மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஒரே ஸ்தபதி வார்த்த இரண்டு நடராஜர்கூட அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. திருவாசியின் சுடர், விரிசடையின் வளைவு, கை பட்டுத் தேய்ந்த இடம், வார்ப்பில் விழுந்த குறை என்று ஏதாவது வேறுபடும். திருட்டுச் சிலையை அடையாளம் காண்பவர்கள் படத்தில் தேடுவது இவற்றைத்தான். ஒரு ரோலில் 12 அல்லது 36 படம்தான் என்ற நெருக்கடி இருந்த காலத்தில், வெளிச்சம் அளந்து, கோணம் பார்த்துத்தான் பட்டனை அழுத்தினார்கள். அந்த நிதானம் ஆதாரத்துக்கு வலு சேர்த்தது என்பது என் கருத்து.

டிஜிட்டல் படமும் இதே வேலையைச் செய்யுமே என்று கேட்கலாம். செய்யும், அறுபது ஆண்டு கழித்தும் அது கிடைத்தால். ஹார்டு டிஸ்க் பழுதானால் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலே போதும். கோப்பைச் சுவடின்றித் திருத்தலாம். நெகட்டிவில் கைவைத்தால் பெரும்பாலும் தடயம் நிற்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நெகட்டிவும் பூஞ்சை பிடித்துப் பாழாகும் என்பது உண்மை. ஆகவே ஸ்கேன் செய்வது அவசியம். ஆனால் ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலத்தை எறிவது, நகல் இருக்கிறதென்று மூலப்பத்திரத்தைக் கிழிப்பதற்குச் சமம்.

ஊட்டியில் 1960இல் தொடங்கிய, ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனமே மூடப்பட்டுவிட்டது. இருக்கிற நெகட்டிவ்களையாவது காப்பாற்றியாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய ஸ்டுடியோக்காரர்களே, கோயில் நிர்வாகிகளே, பரணில் கிடக்கும் நெகட்டிவ் பெட்டிகளைக் குப்பையில் போடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வைத்து, ஊரையும் ஆண்டையும் உறைமேல் எழுதுங்கள்.